கொலம்பஸுக்கு முந்தைய அம்மி

1
மெக்சிகோவின் ஒஹாக்காவில் உள்ள எங்கள் மலையூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு பலகை எழுதித் தரச் சொன்னார்கள். 'கொலம்பஸுக்கு முந்தைய குடம்' என்று எழுதியதும் பேனா நின்றது. குடத்தை வனைந்தவருக்குக் கொலம்பஸ் என்று ஒருவன் வரப்போவது தெரியாது. பலகையை விட்டுவிட்டு இந்தக் கதையைத் தொடங்கினேன்.

2
நூற்றாண்டுகளின் மௌனத்தைச் சுமந்தபடி அந்தக் கல்—

(வேண்டாம். கல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எவுஃப்ரோசினா அதில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்.)

3
மூன்று கால் அம்மி. பதினொரு வருடத்துக்கு முன் சோளக்காட்டில் ஏரில் தட்டியது. கழுவி அடுக்களையில் போட்டாள். நாளை மறுநாள் மகளுக்குக் கல்யாணம். விருந்தின் மோலே குழம்புக்குத்தான் இந்த மிளகாய்.

படிவத்தோடு வந்தவன் செலெரினோ, அவள் கணவனின் தம்பி. இந்த வருடம் ஊர்க்கூட்டம் அவனை அருங்காட்சியக வேலைக்குப் போட்டிருந்தது. சம்பளம் கிடையாது, மறுக்கவும் முடியாது. [போன வருடம் கோயில் மணி அடித்தான்.] படிவத்தில் 'கொலம்பஸுக்கு முந்தையது' என்று எழுதினால் அம்மி அரசின் சொத்து, கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விடும். 'பிந்தையது' என்றால் அடுக்களையிலேயே கிடக்கும்.

"அந்த ஆளு நம்ம ஊருக்கு வந்தானா?"

"இல்ல மதினி. இந்த நாட்டுலயே கால் வைக்கல."

"பெறகு என் அம்மிக்கும் அவனுக்கும் என்ன பேச்சு?"

"சட்டம் அப்படி."

"அப்ப இப்படி எழுது. நேத்து அரைச்சது, இன்னைக்கு அரைக்கிறது, நாளைக்கும் அரைக்கும்."

"இடம் பத்தாது மதினி. ஒரு சொல்லுதான் கொள்ளும்."

4
கதையின் முதல் வரைவில் செலெரினோவைக் கோழையாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். படிவத்தில் எழுதுவதை அவன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அம்மி எவ்வளவு பழையது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

5
முடிவு, ஒன்று: 'முந்தையது' என்று எழுதுகிறான். மோலே பக்கத்து வீட்டு மிக்ஸியில் அரைபடுகிறது. விருந்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவள் மட்டும் சாப்பிடவில்லை.

முடிவு, இரண்டு: 'பிந்தையது' என்று எழுதுகிறான். கூட்டத்தில் வாசிக்கும்போது அவன் குரல்—

(இதற்கு மேல் என்னால் முடியவில்லை. இரண்டிலும் அந்த ஆளை வைத்துத்தான் அம்மிக்கு வயது சொல்கிறேன்.)

6
செலெரினோ பேனாவை உங்களிடம் நீட்டுகிறான். அவள் கடைசிப் பிடி மிளகாயை அம்மியில் வைத்துவிட்டாள். எழுதுவதானால் அவள் கையைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள்.