வாடையில்லாத சரக்கு

தினமும் மாலை ஆறு மணிக்கு விமலா தன் கணவரின் வாயை முகர்ந்து பார்ப்பாள். மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாயின் அந்த வரிசை வீடுகளில் சிலர் அதைப் பார்த்துத்தான் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்கள்.

“ஊதுங்க.”

பாலகிருஷ்ணன் ஊதினார். பிஸ்கட் வாடைதான் வந்தது. வாடையே இல்லாத சரக்கு ஏதோ புதிதாக வந்திருக்கிறது என்று விமலா முடிவு கட்டினாள்.

செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் பழக்குலை வெட்டியவர், இப்போது சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டார். அடுத்த வீட்டுக் கதவைத் தன் வீடென்று தட்டினார். ஒருநாள் பொழுது சாயும்போது ஆற்றங்கரையில் நின்று, மரமெல்லாம் மின்மினி மினுங்குவதைப் பார்த்து, “லயத்து வீட்டுக்கெல்லாம் கரண்டு வந்திருச்சு” என்று மெல்லச் சிரித்தார். கையைப் பிடித்து அழைத்து வந்த பக்கத்து வீட்டுக் கார்த்திகேசு, “நல்ல சரக்குதான்க்கா. எங்க வாங்குறாருன்னு கேட்டுச் சொல்லுங்க” என்றான்.

கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்கினாள். ஆயுளில் ஒரு சொட்டும் தொடாத மனிதர், இனிக் குடிக்க மாட்டேன் என்று மனமாரக் கற்பூரத்தில் அடித்தார். மறந்துபோனதால் அடுத்த வாரமும் அடித்தார். மூன்றாம் முறை பூசாரிக்கே சலித்துவிட்டது.

செரண்டாவில் குடிகாரர்களுக்கான மறுவாழ்வு இல்லம் ஒன்று இருந்தது. ஆறு மாதம், வீட்டார் பார்க்க வரக்கூடாது. அங்கே விட்டுவிடுவதென்று விமலா சேர்க்கைப் பாரம் வாங்கிவிட்டாள். மருத்துவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

கிளினிக்கில் டாக்டர் ஷர்மினி ரத்தம் எடுத்தார். பிறகு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். பாலகிருஷ்ணன் போட்ட வட்டத்தில் ஆறிலிருந்து ஒன்று வரைதான் எண்கள் இருந்தன.

“மிச்ச மணி எங்க அங்கிள்?”

“ஒரு மணிக்கு வேலை முடிஞ்சிருச்சுலா டாக்டர். அப்புறம் எதுக்கு மணி?”

டாக்டர் சிரிக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஸ்கேன் முடிவு வந்த அன்று விமலாவை உட்கார வைத்துப் பேசினார்.

“ஆன்ட்டி, இவரு குடிக்கல. இது அல்ஸைமர். மூளையில என்சைம்னு இருக்கு. ஒரு என்சைம் அருவா மாதிரி புரதத்த வெட்டும். அதுல விழற சில துண்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அத சுத்தம் பண்ண வேற என்சைம் இருக்கு. வயசாக ஆக அது சுணங்கிடும். துண்டு சேந்து சேந்து மூளையக் கெடுக்குதுன்னு சொல்றாங்க. இன்னும் ஆராய்ச்சி நடக்குது. குணமாக்க முடியாது. மருந்து கொஞ்சம் உதவும்.”

விமலாவுக்குப் புரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே மேகம் பார்த்துக்கொண்டிருந்த பாலகிருஷ்ணன், தூக்கத்தில் பேசுவதுபோல் சொன்னார்: “வெட்டுறவன் வெட்டிக்கிட்டே போறான். உதிரிப் பழம் பொறுக்க ஆள் வரல. வேலைய மேற்பாக்குற மண்டோர் பாத்தா ஏசுவாரு.”

“அதேதான் அங்கிள்,” என்றார் டாக்டர்.

விமலா தலை குனிந்தாள். அவர் வெட்டிய குலைகளுக்கடியில் பதினெட்டு வருடம் உதிரிப் பழம் பொறுக்கியவள் அவள்தான்.

வீட்டுக்கு வந்ததும் இல்லத்தின் பாரத்தை நாலாக மடித்து மேசைக் காலுக்கடியில் வைத்தாள். மேசை ஆடுவது நின்றது.

ஆறு மணிக்கு அவர் பழக்கத்தில் வாசலில் வந்து நின்று ஊதினார். வேலிக்கு அந்தப் பக்கம் கார்த்திகேசு கேட்டான்: “என்னக்கா, இன்னிக்காச்சும் வாடை வந்துச்சா?”

“மறதி குடி இல்ல தம்பி, நோய். மோந்து பாத்த நாளெல்லாம் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிருக்கணும். ஒன் வீட்டுலயும் யாராச்சும் இப்படி மறந்தா, வாய மோக்காத, கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போ. இவரு தலைக்குள்ள பொறுக்க ஆளில்லயாம். வெளிய சிந்துறத நான் பொறுக்கிக்கிறேன்.”

அவர் சட்டையைக் கழற்றி, சரியாகத் திருப்பிப் போட்டுவிட்டாள்.

“இனிமே குடிக்க மாட்டேன் விமலா,” என்றார் பாலகிருஷ்ணன், நான்காம் முறையாக.

“சரிங்க,” என்றாள்.