கடைசி பஸ் போன பிறகு கை தூக்கியவர்கள்

வந்திருந்தவர்கள்: பேரூராட்சித் தலைவர் ஞானசேகரன், கவுன்சிலர்கள் ஏழு பேர், ரேஸ் கம்பெனிக்காரர் கீர்த்திவாசன், அவர் வாங்கிவந்த போண்டா, பேரூராட்சிக் கூடத்துச் சாவி வைத்திருக்கும் பழனியாண்டி, பள்ளத்து லைன் வீட்டுக்காரர்கள் கூடம் நிறைய. அவர்களில் என் அம்மா தபித்தாளும் ஒருத்தி. துணைக்கு நான்.

பள்ளத்தில் குதிரைப் பந்தய மைதானம் கட்ட அனுமதி கொடுக்கலாமா என்று ஊரைக் கேட்கும் கூட்டம். கை தூக்கிச் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளத்தில்தான் அம்மா குத்தகைக்குக் காரட் போடுகிறாள். டீ பேக்டரி நைட் ஷிப்டை நான் பாதியில் விட்டு வந்ததிலிருந்து எங்கள் சோறு அந்தக் காரட்தான்.

கீர்த்திவாசன் சுவரில் படம் காட்டினார். "குதிரைக்குக் காரட் வேணுமில்லைங்களா? உங்ககிட்டயே வாங்கிக்குவோம்."

"ஏனுங்க, காரட்டை எங்க போடறது? குதிரை முதுகுலயா?" என்றாள் அம்மா.

கூடமே சிரித்தது. தலைவரும் சிரித்தார். "உங்க முறை வருங்கக்கா. அவர் முடிக்கட்டும். லேட்டானாலும் பயப்படாதீங்க, கடைசி பஸ்ஸை வாசலுக்கே வரச் சொல்லீட்டேன்."

நல்ல மனுஷன் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கீர்த்திவாசன் முடிக்கவில்லை. ஜன்னலில் மஞ்சு ஏறி வெளியே எல்லாம் வெள்ளையாக மங்கியது. வாசலில் பஸ் ஹாரன் அடித்தது.

அம்மா எழுந்தாள். "தலைவருங்க, கை தூக்கறதை இப்பவே வெச்சிருங்க."

"பேச்சே முடியலீங்களே அக்கா. பேசாம எப்படி வெக்கறது?"

மறுபடி ஹாரன். பள்ளத்து ரோட்டில் இருட்டினால் காட்டெருமை நிற்கும். போன மாதம் ஒருவரை முட்டித் தூக்கிப் போட்டது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஏறினார்கள். அம்மாவுக்கு முழங்கால் வேறு வீங்கியிருந்தது.

"நீ இருடா. எனக்கும் சேர்த்துச் சொல்லு."

பஸ் போனது. கீர்த்திவாசனின் பேச்சும் முடிந்தது.

"வேண்டாங்கறவங்க?" என்றார் தலைவர்.

நான் கை தூக்கினேன். "பஸ்ல போனவங்க அத்தனை பேரும் வேண்டாம்னுதான் வந்தாங்க."

"போனவங்க கையை நீ தூக்க முடியாது தம்பி."

"நைட் ஷிப்டுல நிக்காதவன், இங்க நிக்கறான் பாருங்க" என்றார் ஒரு கவுன்சிலர். சிரித்தார்கள்.

இன்னொரு கையையும் தூக்கினேன். அம்மாவுடையது.

"ஒருத்தருக்கு ஒரு கைதான்" என்றார் தலைவர். கோபமே இல்லை. "வேணுங்கறவங்க?"

கவுன்சிலர்கள் ஏழு பேரும் தூக்கினார்கள். பழனியாண்டி என்னைப் பார்த்தார், பிறகு தலைவரைப் பார்த்தார், தூக்கினார்.

கார்கள் கிளம்பிப் போயின. மீந்த போண்டாவைப் பழனியாண்டி பையில் கட்டினார். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். பஸ் இந்நேரம் பள்ளத்துக்குப் போயிருக்கும். அம்மா உலை வைத்துவிட்டு என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருப்பாள்.

"எந்திரி ஜாபேஸ். நான் ஊட்டுக்குப் போகோணும்."

"இன்னும் கொஞ்ச நேரம்."

"இருந்து?"

எழுந்தேன். வெளியே வந்தேன். மஞ்சில் ரோடே தெரியவில்லை. பின்னால் பழனியாண்டி கதவைச் சாத்திப் பூட்டினார்.