அக்காவின் ஐஸ்கிறீம் பெட்டி

…இல்லை, இங்கே வைத்துக் கேட்கக் கூடாது, கடைக்குள் இத்தனை சனம் நிற்கிறது, சிவநேசம் அக்காவின் குரலோ போன் இல்லாமலே லண்டனிலிருந்து மொன்றியலுக்குக் கேட்கிற குரல், இப்போது போனை அமத்தினேன் என்றால் பார்க் எக்ஸ்டென்ஷன் வட்டாரம் முழுக்க என் மானம் கப்பலேறிவிடும்… ஒரு கையில் முருங்கைக்காய்க் கட்டு, மறுகையில் கறிவேப்பிலைப் பை, காசு கொடுக்கிற வரிசையோ நகர்கிறதாக இல்லை. அக்கா அனுப்பியிருப்பது குரல்செய்தி, அதுவும் நீளமானது. சந்தோசமான சங்கதி என்றால் அக்கா ஒரு பூப்படம் போட்டுவிட்டுப் போய்விடுவார், கோபம் வந்தால்தான் கதைப்பார். குணேஸ்வரி, உனக்கு வேணும், கண்ணாடி போடாமல் போனை எடுக்காதே என்று இவர் எத்தனை தரம் சொன்னவர்? கேட்டாயா? மகள் சாருஜா ஒட்டாவாவில் இருந்துகொண்டு, அம்மா ஸ்பெயின் படம் ஒண்டாவது அனுப்புங்கோ என்று கரைச்சல்படுத்த, காலையில் தேத்தண்ணியும் கையுமாக அனுப்பினேன், மகளுக்கு என்று நினைத்து முழுக் குடும்பமும் இருக்கிற குழுவுக்கு அனுப்பிவிட்டேன். பெரியப்பா பிள்ளைகள், சின்னம்மா பிள்ளைகள், எல்லாருக்கும் மேலாகச் சிவநேசம் அக்கா. கண்டவுடனே அழித்தேன்தான், ஆனால் அதற்குள் பார்த்தாச்சு என்கிற நீலக் கோடு விழுந்துவிட்டது.

அந்தப் படத்திலே மறைக்கிறதற்கு ஒரு இடமாவது இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை. செவில் நகரத்து வெயில், தெருவோரத் தோடை மரம், மரம் நிறைய ஆரஞ்சுப் பழம், கீழே வாங்கிலில் நானும் இவரும் பள்ளிக்கூடம் கட் பண்ணின பிள்ளைகள் மாதிரிப் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறோம். இவர் மடியிலே நீல மூடி போட்ட ஐஸ்கிறீம் பெட்டி. அக்காவின் பெட்டி! வேறு எதையாவது மாற்றிச் சொல்லலாம், அக்கா, அது போன வருசத்துப் படம் என்றாவது சொல்லலாம், அந்தப் பெட்டியை என்னவென்று சொல்வது? லண்டனில் அக்கா வீட்டிலிருந்து வெளிக்கிட்ட அன்று விடிய அக்கா தன் கையால் வெங்காயச் சீனிச்சம்பல் அடைத்து, றப்பர் வளையம் போட்டு இறுக்கித் தந்த பெட்டி, பிளேனிலை தாறதை ஆர் தின்னிறது, கனடா போய்ச் சேரும் மட்டும் பசியிலை போவியளே என்று தந்த பெட்டி. நாங்கள் கனடாவுக்குப் போகிறோம் என்றுதான் அக்காவுக்குச் சொல்லியிருந்தது. சொன்னது நான் இல்லை, அக்காவின் கூடப்பிறந்த தம்பி, என் அருமந்த மனுசன் ஆனந்தராசா, இடது காதைத் தடவித் தடவிச் சொன்னார், ரிக்கற் மாத்திப் போட்டாங்களக்கா, நாலு நாள் முந்தியே போகவேண்டியதாப் போச்சு… நான் பக்கத்திலே நின்று ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று இப்போது கேட்பது சுகம். கலியாணம் முடித்து முப்பது வருசம் என்று சாருஜா ஸ்பெயினில் நாலு நாளுக்கு ஹோட்டல் போட்டுத் தந்தாள், அம்மா, அப்பா, நீங்கள் ரெண்டுபேரும் மட்டும் என்று. எங்களுடைய சனத்துக்கு லண்டன் பயணம் என்றால் அது சுற்றுலாவா? லண்டனில் எங்களுக்குப் பதினாறு வீடு, ஒரு வீட்டில் சாப்பிட்டு மற்ற வீட்டில் தேத்தண்ணி குடிக்காவிட்டால் அடுத்த கலியாண வீட்டில் முகம் திரும்பும். அதில் நாலு நாளை வெட்டி ஸ்பெயின் பார்க்கப் போகிறோம் என்று எந்த வாயால் சொல்வது? விண்ட்சர் கோட்டை பார்க்கப் போன நாளை நினைத்தால் இப்பவும் சிரிப்பு வருகிறது, மச்சான் அருமைராசா காரை எடுத்தார், போகிற வழியில் தானே என்று ஒரு வீட்டில் இடியப்பம், இதுவும் வழிதானே என்று இன்னொரு வீட்டில் மத்தியானச் சாப்பாடு, கோட்டைக்குப் போய்ச் சேர வாசலைப் பூட்டிவிட்டார்கள். பூட்டின கதவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தோம். அந்தப் பெரிய கற்களை நட்டு வைத்திருக்கிற வெளிக்குப் போனபோது அடித்த காற்றில் என் சால்வை பறந்தது, இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம், எங்கடை கீரிமலையிலை இல்லாத கல்லே என்று இவர் புறுபுறுத்தார், பிறகு காருக்குள் இருந்து கட்லட் சாப்பிட்டதும் கல் நல்ல கல்தான் என்றார். பிறைற்றன் கடற்கரையில் மணல் இல்லை, எல்லாம் கூழாங்கல், நான் செருப்பைக் கழற்றிவிட்டு அய்யோ அய்யோ என்று நடந்தேன்… நல்ல நாட்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒவ்வொரு காலையும் எங்களுக்கு முதல் அந்த நீல மூடிப் பெட்டிதான் காருக்குள் ஏறும், ஒரு நாள் கட்லட், ஒரு நாள் ரோல்ஸ், ஒரு நாள் புளிச்சாதம்.

கடைக்கார நிரஞ்சனி மிச்சக் காசைத் தந்துகொண்டே கேட்கிறாள், என்னக்கா, லண்டன் போட்டு வந்து முகமெல்லாம் ஒருமாதிரிக் கிடக்கு? ஒண்டுமில்லை, நித்திரை காணாது என்கிறேன். வெளியே வந்தால் பங்குனி மாதத்து மொன்றியல், பனி உருகி ஊத்தையாக ஓடுகிறது, சப்பாத்துக்குள் ஈரம். பை கனக்கிறது. எண்பதாம் இலக்கப் பஸ் தரிப்பிடத்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் ஏறி வாங்கிலில் இருக்கிறேன், எனக்குப் பஸ் தேவையில்லை, வீடு நடக்கிற தூரந்தான், ஆனால் வீட்டில் இவர் இருக்கிறார், இவருக்கு முன்னால் கேட்க ஏலாது, இந்த மனுசன் அக்காவிடம் ஏச்சு வாங்கினால் ஒரு கிழமைக்குச் சாப்பாடு இறங்காது. முதலில் நானே கேட்கிறேன். கேட்டுவிட்டு… கேட்டுவிட்டு என்ன செய்வாய்? அக்கா இனி எங்களோடு கதைக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால்?

செவிலில் முதல் நாள் காலை. அதை நினைத்தால் நெஞ்சுக்குள் இப்பவும் ஏதோ இளகுகிறது. இவர் விடியவே எழும்பி, சேவ் எடுத்து, காற்சட்டை சேட்டு எல்லாம் போட்டு, கட்டில் நுனியில் வந்து இருந்துகொண்டு கேட்டார், சரி, இப்ப ஆற்றை வீட்டை போறது? நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒருத்தற்றை வீடும் இல்லையப்பா, இந்த ஊரிலை எங்களுக்கு ஒரு குருவியும் இல்லை. இவருக்கு அதை நம்ப கொஞ்ச நேரம் பிடித்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து எங்களுக்கு அப்படி ஒரு விடியல் விடியவில்லை, யாரோ வருவார்கள் அல்லது யாரிடமோ போவோம், கொழும்பிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். அந்த ஊரில் என்னை ஒருத்தரும் அம்மா, மச்சாள், மாமி என்று கூப்பிடவில்லை. பெரிய சதுக்கத்து வாய்க்காலில் வள்ளம் ஓட்டலாம் என்றார்கள், இவர் துடுப்பைப் பிடித்தார், ஊர்காவற்றுறைக் கடலில் ஓடினவனடி நான் என்று வீரம் பேசினார், வள்ளம் நின்ற இடத்திலேயே சுற்றியது, கரையில் நின்ற சனம் கைதட்டியது, இவரும் சேர்ந்து தனக்குத் தானே கைதட்டினார். இந்த மனுசனுக்குள் இப்படி ஒரு ஆள் இருந்தாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மத்தியானம் தோடை மரத்துக்குக் கீழே அக்காவின் பெட்டியைத் திறந்தோம், வழியால் போன ஒரு ஸ்பானிய மனுசிதான் படம் எடுத்துத் தந்தாள், அவளுக்கும் ஒரு துண்டு பாணில் சம்பல் வைத்துக் கொடுத்தேன், உறைத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டாள். சம்பல் அடுத்த நாளுக்கும் காணுமாக இருந்தது, ஒரு பிளேன் பயணத்துக்கு ஏன் இவ்வளவு அள்ளிப் போட்டவா என்று இவர்கூடச் சொன்னார். நாலு நாளும் என் கை ஒரு அகப்பையைத் தொடவில்லை. அந்த நாலு நாளுக்கு யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் இரவில் எல்லாரையும் கும்பிட்டுவிட்டுப் படுத்தேன், மகளை, இவரை, அந்தச் சம்பல் மனுசியைக்கூட.

அக்காவைக் கும்பிட்டேனா? நன்றி என்று அக்காவுக்கு ஒருநாளும் சொன்னதில்லை, சொன்னால் என்னடி விசரோ என்பார், பஸ்காரனுக்கு நாளுக்கு இரண்டு தரம் மெர்சி சொல்கிற வாய்தான் இது. சாருஜா பிறந்தபோது எனக்கு அம்மா இல்லை, தை மாதக் குளிரில் அக்காதான் லண்டனிலிருந்து பறந்து வந்தார், பிள்ளையை வாங்கினார், மல்லி மிளகு போட்டுப் பிள்ளைப்பெத்தவளுக்கான சரக்குத்தண்ணி அவித்தார், என்னைக் குளிக்க வார்த்தார், இரவிரவாகப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். இதோ, இரண்டு தெரு தள்ளித்தான் அந்த மூன்றாம் மாடி வீடு. மாசி முழுக்க நின்றார். குசினி யன்னலால் தெரிகிற பனியைத் தவிர அக்கா மொன்றியலில் என்னத்தைக் கண்டார்? விருந்தாளி வந்தால் மலையில் இருக்கிற பெரிய கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் எல்லாருக்கும் வழக்கம், அக்காவை மட்டும் பேந்து பாப்பம், பேந்து பாப்பம் என்று… எண்பதாம் பஸ் வந்து நிற்கிறது, கதவு திறக்கிறது, போன்ஜூர் மதாம் என்கிறான் சாரதி, இல்லை என்று கை காட்டுகிறேன், இந்தப் பஸ் மலையடிவாரத்தால்தான் போகும், போன பிறகுதான் அது எனக்கு உறைக்கிறது.

அமத்திவிட்டேன். போனைக் காதோடு ஒட்டிப் பிடித்திருக்கிறேன்.

“குணேசு, ஏன் பிள்ளை அந்தப் படத்தை அழிச்சனி? நான் கண்ணாடியைத் தேடி எடுக்கிறதுக்கிடையிலை காணேல்லை. திருப்பிப் போடு, நான் வடிவாப் பாக்கேல்லை. உவன் தம்பி மடியிலை வைச்சிருக்கிறது என்ரை பெட்டிதானே? சம்பல் பழுதாப் போகேல்லையே, அந்த வெயிலுக்கை? கனடாவுக்குப் போறனெண்டு சொல்லேக்கை அவன் காதைத் தடவினவன், சின்னனிலை இருந்தே பொய் சொல்லேக்கை காதைத் தடவுவான், அப்பவே தெரியும் எனக்கு. எங்கையோ போகினம், போகட்டும் எண்டுதான் ரெண்டு கை கூட அள்ளிப் போட்டனான்.” அக்கா சிரிக்கிறார், சட்டிக்குள் ஏதோ வதங்கிற சத்தம் பின்னால் கேட்கிறது, “மரத்திலை கிடந்தது தோடம்பழமே? றோட்டிலையோ? ஒருத்தரும் பிடுங்கிறேல்லையோ?” பிறகு அகப்பையால் சட்டியை வழிக்கிற சத்தம், “அங்கை நீ சமைக்கேல்லைத்தானே? ஒரு நாளும் சமைக்கேல்லையோ? எப்பிடி இருந்தது பிள்ளை? ஆறுதலாப் போன் எடுத்துச் சொல்லு. சரி, கறி அடிப்பிடிக்கப் போகுது, வைக்கிறன்.”

கண்ணாடிக் கூட்டுக்குள் யாரும் இல்லாதது நல்லது. அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை, மூக்கு ஓடுகிறது, கறிவேப்பிலைப் பையைத் தள்ளிவிட்டுக் கடதாசி தேடுகிறேன். கோபம் இல்லை, கடவுளே, கோபம் இல்லை. படத்தைத் திருப்பிப் போடவேண்டும், இந்த முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. சும்மா அந்த ஒன்றை மட்டும் போடாமல் லண்டன் படங்களில் அக்கா நிற்கிறது ஒன்றையும் சேர்த்துப் போடுவம் என்று தேடுகிறேன்… பிறைற்றன், அக்கா இல்லை, நீங்கள் போட்டு வாங்கோ, வந்தவுடனை சாப்பிட ஏதும் வேணுமே என்று நின்றுவிட்டார். கற்கள் நட்ட வெளி, இல்லை, அன்றைக்குப் பின்னேரம் ஆட்கள் வருகிறார்கள் என்றார். விண்ட்சர், அருமைராசா நிற்கிறார், இவர் நிற்கிறார், பூட்டின கதவு நிற்கிறது. அக்கா எங்கே? நான் ஒருதரமாவது வாங்கோ அக்கா என்று கையைப் பிடித்து இழுத்தேனா? கூழாங்கல்லுக்கு மேலே நீல மூடி. கார்க் கண்ணாடிக்குப் பின்னால் நீல மூடி. கோட்டை வாசலில் என் கக்கத்துக்குள் நீல மூடி. செவில் வாங்கிலிலும் அதுதான். அக்கா காணாத இடமெல்லாம் அக்காவின் பெட்டி கண்டுவிட்டு வந்திருக்கிறது.

இப்போது அது எங்கள் குசினி மேசையில் இருக்கிறது, கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், எறிய மனம் வரவில்லை. ஒரு வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுக்கவேண்டும், அது எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லாத பழக்கம். அக்காவுக்கு எதைப் போட்டுக் கொடுப்பது? அக்காவுக்கு என்ன விருப்பம்? முப்பது வருசமாக அந்தக் கையால் தின்கிறேன், அக்கா எதை விரும்பித் தின்கிறவர் என்று எனக்குத் தெரியவில்லை. படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன், நீலக் கோடு உடனே விழுந்தது, அக்கா அடுப்படியில் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிற்கிறார். ஆறுதலாப் போன் எடுத்துச் சொல்லு என்றவர். எடுக்கிறேன், மணி அடிக்கிறது, அங்கே போய் அடிக்கிறது… முதலில் என்னத்தைச் சொல்ல? தோடம்பழம் கைப்பு அக்கா, அதுதான் ஒருத்தரும் பிடுங்கிறேல்லை என்று தொடங்குவதா, இல்லை நீங்கள் என்னத்தைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்பதா?