லைன்ல இருங்க

அந்த வணிகவியல் பள்ளியின் கடைசி வருட வகுப்பில் ஒரு கம்பெனி நடந்தது. குடைக் கம்பெனி. விற்பதற்கு ஒற்றைக் குடை கிடையாது. டீச்சரின் சொந்தக் குடையையே எவனோ லவட்டிக்கொண்டு போய் ரொம்ப நாளாகிறது. இருந்தாலும் மேனேஜர் உண்டு, காசாளர் உண்டு, தபால் பார்க்க ஆள் உண்டு. வேலையை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். அலுவலகப் பயிற்சி என்று பாடத்துக்குப் பெயர். நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் பிள்ளைகள் திருதிருவென்று முழிக்கக் கூடாது என்று யாரோ நல்ல மனதோடு வைத்த பாடம். பிள்ளைகள் இங்கேயே முழித்துப் பழகிக்கொண்டார்கள்.

ஒருநாளும் கணக்கு டேலி ஆகாத ஒரு பையன் இருந்தான். அதனாலேயே அவனுக்கு டேலி என்று பெயர். அவன் மேனேஜர் நாற்காலியில் உட்காருகிற வாரமெல்லாம் கம்பெனி திவால். எல்லா வேலைக்கும் ஆள் மாறினாலும் போன் மேஜைக்கு மட்டும் ஆள் மாறியதில்லை. அங்கே உட்கார்ந்த பெண்ணை ரிசப்ஷன் என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் அக்காவோடு மல்லுக்கு நிற்கும்போது கரகரக்கும் அதே தொண்டை, ரிசீவரை எடுத்ததும் எப்படித்தான் அவ்வளவு குழைவாகுமோ, அது அவளுக்கே தெரியாது.

அந்தப் போன் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அவசரப்படக் கூடாது. இரண்டு லைன், இரண்டு சிவப்பு விளக்கு. முதல் லைன் வராந்தாவுக்கு அந்தப் பக்கம் உடைந்த பெஞ்சுகள் கிடக்கும் சாமான் அறைக்குப் போகும். வாடிக்கையாளராக நடிக்கிறவர் அங்கே உட்கார்ந்து கூப்பிட வேண்டும். இரண்டாவது லைன் ஹெட்மாஸ்டர் அறைக்கு. யாராவது கூப்பிட்டால் விளக்கு படபடவென்று அடித்துக்கொள்ளும். எடுத்துப் பேசினால் அசையாமல் எரியும். "லைன்ல இருங்க" என்று சொல்லி ஹோல்டு பொத்தானை அமுக்கினால், மெதுவாக எரிந்து மெதுவாக அணையும், தூங்குகிறவன் மூச்சு விடுகிற மாதிரி. வகுப்பில் எல்லாருக்கும் இது தலைகீழ்ப் பாடம்.

சாமான் அறையில் உட்காருகிற வேலை ஒருவனுக்கே சாசனம். அவன் பெயர் புகார். கோபக்கார வாடிக்கையாளராக நடிக்க அவனை அடிக்க ஆளில்லை.

"ஹலோ, குடைக் கம்பெனியா? நீங்க அனுப்பின குடையில பிடி மட்டும்தான் இருக்கு. குடை எங்கம்மா?"

"மன்னிக்கணும் சார், மாத்தித் தரோம்."

"அப்ப பிடியை என்ன பண்றது? என் மாமனாருக்கு முதுகு சொறிஞ்சுவிடவா?"

இந்தப் பக்கம் வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளும். ரிசப்ஷன் மட்டும் சிரிக்கக் கூடாது, சிரித்தால் மார்க் போய்விடும். கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவனுக்கு இன்னொரு கெட்ட பழக்கம் இருந்தது. பேச்சு நடுவில், "ஒரு நிமிஷம், பால் பொங்குது" என்று சொல்லிவிட்டு ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு விளையாட ஓடிவிடுவான். போனைத் தான் முதலில் வைக்கக் கூடாது என்பது பாடமாயிற்றே, இவள் காதில் ரிசீவரோடு மணியடிக்கும்வரை உட்கார்ந்திருப்பாள்.

அதற்குப் பழிவாங்கத்தான் விடுமுறைக்கு முந்தின கடைசி வகுப்பில் எல்லாருமாகத் திட்டம் போட்டார்கள். அன்றைக்கு அவன் குரல் கொஞ்சம் கட்டியிருந்தது. "மேனேஜரைக் கூப்பிடும்மா, உன்கிட்ட பேசி என்ன பிரயோஜனம்" என்றான். "லைன்ல இருங்க சார், இதோ வந்துட்டார்" என்று சொல்லி ஹோல்டை அமுக்கினாள். உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். அவ்வளவுதான், பையைத் தூக்கிக்கொண்டு வகுப்பே பூனை நடை நடந்து வெளியே போயிற்று. டீச்சர் முன்னமே போயிருந்தார். தெருமுனை தாண்டியதும் சிரித்தார்கள் பாருங்கள், டேலிக்குப் புரையேறிவிட்டது. ரிசப்ஷன் வீடு போய்ச் சேரும்வரை தனக்குத் தானே சிரித்துக்கொண்டு போனாள்.

கதவுகளைப் பூட்ட வந்த வாட்ச்மேன் சாமான் அறையில் அவனைப் பார்த்திருக்கிறார். ரிசீவர் காதில்தான் இருந்ததாம். "என்னப்பா, எல்லாரும் எப்பவோ போயாச்சே" என்றாராம். "லைன்ல இருக்கச் சொல்லியிருக்காங்க அண்ணே" என்றானாம், இவன் சிரித்தானா சிரிக்கவில்லையா என்று அவருக்கு நினைவில்லை.

விடுமுறையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வரவில்லை. வகுப்பில் பாதிப் பேருக்குப் பள்ளி திறந்த அன்றுதான் விஷயமே தெரியும். அது எங்கெங்கோ பரவிக்கொண்டிருந்த காய்ச்சல், சாமான் அறையில் உட்கார்ந்து வந்ததில்லை, எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய. ரிசப்ஷன் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அழுது முகம் கழுவி வந்து போன் மேஜையில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தாள். முதல் லைன் விளக்கு எரிந்தது, அணைந்தது. மெதுவாக எரிந்தது, மெதுவாக அணைந்தது.

யாரோ கூப்பிடுகிறார்கள் என்று டீச்சர் நினைத்தார். வகுப்புக்கு அப்படித் தோன்றவில்லை. கூப்பிட்டால் படபடக்கும். இது ஹோல்டு. எதிர்முனையில் ஒருவர் காத்திருந்தால்தான் விளக்கு இப்படி எரியும். டேலிதான் கடைசியில் எழுந்து போய்ச் சாமான் அறையை எட்டிப் பார்த்தான். ரிசீவர் அதன் இடத்தில், தாங்கியின் மேலேயே இருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை. திரும்பி வந்து பெட்டியில் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தான்.

"ஒண்ணும் கேக்கல" என்றான். பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னான்: "நீதானே ஹோல்டுல போட்ட. நீ எடுத்தாத்தான் பேசுவான்னு நினைக்கிறேன்."

"வாய மூடுடா" என்றாள்.

போன் மெக்கானிக் வந்தார். வயரில் ஈரம் என்றார். வயரையே மாற்றினார், கூலியும் வாங்கிக்கொண்டார், அவர் படி இறங்குவதற்குள் விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. டீச்சர் கறுப்பு டேப்பை வெட்டி விளக்கின்மேல் ஒட்டினார். அதற்குப் பிறகு வகுப்பு பழைய கூத்துக்குத் திரும்பியது. குடைகள் மறுபடி விற்கப்பட்டன, டேலி மறுபடி திவாலானான். வாடிக்கையாளராக நடிக்கிறவர்கள் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனார்கள். சிரிப்பு இருந்தது, பழைய சிரிப்பு இல்லை. ஏதாவது ஜோக் முடிந்ததும் எல்லார் கண்ணும் அந்த டேப்புக்குப் போய்விட்டு வரும்.

டேப்புக்கு அடியில் அது எரிவது ரிசப்ஷனுக்குத் தெரியும். விரல் வைத்தால் லேசாகச் சுடும், ஆறும். எடுக்கலாம் என்று பலதடவை கை போயிற்று. எடுத்து என்ன சொல்வது? ஒன்று குரல் கேட்கும், இல்லாவிட்டால் கேட்காது. இரண்டையும் நினைத்ததும் கையை இழுத்துக்கொள்வாள்.

அதைவிடப் பெரிய வினை ஒன்று வந்து சேர்ந்தது. "லைன்ல இருங்க" என்ற வார்த்தை அவள் வாயில் வர மறுத்தது. மற்றதெல்லாம் தேனாக வரும். அந்த இடம் வந்ததும் பேச்சு நின்றுவிடும். போன் பரீட்சையில் அதுதான் முக்கியமான கட்டம்: வாடிக்கையாளர் மேனேஜரைக் கேட்பார், காத்திருக்கச் சொல்ல வேண்டும், ஹோல்டில் போட வேண்டும், திரும்பி வர வேண்டும். அது வராவிட்டால் பாஸ் கிடையாது.

பாஸ் ஆகாவிட்டால் அக்கா நொறுங்கிப்போவாள். அம்மா அப்பா இருவர் இடத்திலும் இருந்த ஒருத்தி. தையல் கடையில் குனிந்து குனிந்து முதுகு போய்விட்டது அவளுக்கு. அங்கே துணி தைக்க வருகிற தலைமை நர்ஸைப் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி, கிளினிக் கவுண்டரில் தங்கைக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருந்தாள். சர்டிபிகேட்டோடு வந்தால் வேலை. தினமும் சமையல் நடக்கும்போதே கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டு அக்கா வாடிக்கையாளர் ஆகிவிடுவாள்.

"ஹலோ, டாக்டர் இருக்காரா?"

"இருக்கார் மேடம். கொஞ்சம்..."

"கொஞ்சம்? கொஞ்சம் என்னடி? சொல்லு. வாய்ல என்ன பசையா ஒட்டியிருக்கு?"

"கொஞ்சம் இருங்க மேடம்."

"எங்க இருக்கிறது, அடுப்புலயா?" என்று சிரித்துவிட்டு, தங்கையின் முகத்தைப் பார்த்து அக்கா சிரிப்பை நிறுத்தினாள். "யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டாள். இவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

பரீட்சை நாள் வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சாமான் அறையை எட்டிப் பார்த்து, தூசி ஆகாது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய்விட்டார். அங்கிருந்து இரண்டாவது லைனில் கூப்பிடுவார். டீச்சர் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பார். பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக நின்று, ஒருவர் பின் ஒருவராக உள்ளே போக வேண்டும். பெட்டியைச் சோதித்த தேர்வாளர், "இது என்ன டேப்பு, பார்க்கவே அசிங்கமா" என்று பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் போயிருந்தார்.

அவள் முறை வந்தபோது முதல் விளக்கு எரிந்து அணைந்துகொண்டிருந்தது. டீச்சர் அதைப் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தார். இரண்டாவது விளக்கு படபடத்தது. எடுத்தாள்.

"வணக்கம், குடைக் கம்பெனி."

நன்றாகத்தான் போயிற்று. விலை கேட்டார், சொன்னாள். நிறம் கேட்டார், சொன்னாள். "சரிம்மா, உங்க மேனேஜர்கிட்ட பேசணுமே" என்றார்.

விரல் ஹோல்டு பொத்தானுக்குப் போய் நின்றது. வாசலில் டேலி கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவின் முதுகு ஞாபகம் வந்தது. இவரை நிற்க வைக்க இவ்வளவு தயங்குகிறோமே, அவனை எத்தனை காலமாக நிற்க வைத்திருக்கிறோம் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் அவள்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது, ஆத்திரத்தில் வார்த்தையும் வந்தது.

"லைன்ல இருங்க சார்" என்றாள். ஹோல்டை அமுக்கினாள்.

இப்போது இரண்டு விளக்குகளும் மெதுவாக எரிந்தன. பக்கத்தில் இருக்கும் மேனேஜர் மேஜைக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டு இரண்டாவது லைனுக்குத் திரும்ப வேண்டும். அவள் விரல் முதல் பொத்தானுக்குப் போயிற்று. அமுக்கினாள். விளக்கு அசையாமல் எரிந்தது.

"வணக்கம். காத்திருக்க வெச்சதுக்கு மன்னிக்கணும்."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. கட்டிப்போன குரலில் ஒருவன் தொண்டையைச் செருமினான். குடையும் இல்லை, மாமனாரும் இல்லை. அவனுடைய சொந்தக் குரல்.

"எல்லாரும் போயிட்டாங்களா?"

அவளுக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள், அது ஒன்றுதான் அவளுக்கு வந்த வித்தை.

"இல்லடா. வெளிய வரிசையா நிக்கிறாங்க. பரீட்சை."

"உனக்கு?"

"எனக்குத்தான் நடக்குது. தேர்வாளரை ஹோல்டுல போட்டுட்டு வந்திருக்கேன்."

அந்தப் பக்கம் சிரித்தான். மூக்கால் சிரிக்கிற அதே சிரிப்பு. "லூசு. அவரைப் போய் எடு, மனுஷன் காத்துட்டு இருப்பார்."

"நீ?"

"நீ லைன்ல இருக்கச் சொன்னியேன்னுதான் இருந்தேன்." குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "நான் வெச்சிடட்டுமா?"

இந்த விளக்கு அணையாதா என்று எத்தனை நாள் வேண்டியிருப்பாள். வைக்காதே என்று சொன்னால் வைக்க மாட்டான், அது அவளுக்குத் தெரியும். சொன்னால் போதும், நாளைக்கும் இருப்பான், அவள் படித்து முடித்துப் போன பிறகும் அந்த நாற்காலியில் இருப்பான். சொல்ல வேண்டும் போல அவ்வளவு ஆசையாக இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"வெச்சிடு."

டக்கென்று ஒரு சத்தம். முதல் விளக்கு அணைந்தது. வராந்தாவில் யாரோ மூச்சை இழுத்தார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அவள் பாஸ் ஆனாள், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கிளினிக் கவுண்டரில் இன்றைக்கும் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள், அக்கா தையல் கடையை விட்டாயிற்று. கடைசிக் கேள்விக்கு மட்டும் மார்க் விழவில்லை. திரும்பக் கூப்பிடச் சொல்கிறேன், தகவல் சொல்லிவிடுகிறேன் என்று புத்தகத்தில் நாலைந்து பதில் இருக்கிறது, நாலைந்தும் அவளுக்கு மனப்பாடம். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது லைனை எடுத்தாள்.

"என்னம்மா, மேனேஜர் இருக்காரா இல்லையா?"

"இல்ல சார். இப்பத்தான் கிளம்பிப் போனார்."

"சரி, எப்ப வருவார்?"

"வரமாட்டார் சார்" என்றாள்.