டெக்லனின் ஞானத்தாய்

போன வாரம் என் தம்பி மகன் டெக்லன் கால்வே நகரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தான். குடும்ப வரலாறு எழுதுகிறானாம். தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை டெவனி டாக்டர்கள் ஒரே பைத்தியக்கார ஆஸ்பத்திரியை ஆண்டார்கள் அல்லவா, அந்தப் பெருமையைத்தான். தேநீரை ஆறவிட்டுக்கொண்டே, "அத்தை, எனக்கு ஞானத்தாய் நீங்கதானே? அதையும் போட்டுடறேன்" என்றான்.

நான் கோப்பையை வைத்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஞானஸ்நானத்தின்போது பிறந்து ஒரு வாரம்கூட ஆகாதவனுக்கு என்ன தெரியும்? வீட்டில் அப்படிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். உண்மையான ஞானத்தாய் அந்த வீட்டில் இருந்தபோது விடவே மாட்டோம் என்று பிடித்து வைத்தவர்கள், போன பிறகு இருந்த தடமே தெரியாமல் துடைத்துவிட்டார்கள்.

"உன் ஞானத்தாய் டீலியா ஸ்கலி. எழுதிக்கோ."

"யாரு, நம்ம வீட்டுச் சமையல்காரம்மாவா?"

சமையல்காரியாம்! சமையல்காரிக்குச் சம்பளம் உண்டு. பிடிக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு போகலாம். டீலியா நோயாளி. எங்கள் தாத்தா உள்ளே தள்ளிய நோயாளி. அப்படியே அவனிடம் சொன்னேன்.

அவள் பண்ணை வீட்டுப் பெண். அப்பன் செத்ததும் நிலம் அண்ணனுக்குப் போனது. அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண், கல்யாணமாகாத நாத்தனார் இருக்கிற வீட்டுக்குள் கால் வைக்க மாட்டேன் என்றாள். எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. அப்படிப்பட்ட தங்கைகளுக்கு அமெரிக்கக் கப்பல் இருந்தது, கன்னியர் மடம் இருந்தது, இரண்டுக்கும் மசியாவிட்டால் எங்கள் தாத்தாவின் ஆஸ்பத்திரி இருந்தது. டீலியா மசியவில்லை. இது என் அப்பா வீடும்தான் என்று கத்தி, மோர் ஜாடியை எடுத்து அண்ணன் மேல் வீசினாள். மறுநாளே அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். ஜாடியை வீசியதுதான் நோய். அதற்கு ஒரு டாக்டர் தலையாட்டினார், அவர் என் தாத்தா. அவளுக்கு அப்போது இருபது வயது.

அடுத்த வருஷம் நான் பிறந்தேன். அம்மாவுக்கு உடம்பு தேறவில்லை. வளாகத்துக்குள்ளேயே இருந்த எங்கள் வீட்டுக்கு டீலியாவை வேலைக்கு அனுப்பினார்கள். என்னையும், பின்னால் பிறந்த என் தம்பி லோர்கனையும் (டெக்லனின் அப்பா) குளிப்பாட்டியது, ஊட்டியது, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது எல்லாம் அவள்தான். பொழுது சாய்ந்தால் வார்டுக்குப் போய்விட வேண்டும். கதவு வெளியிலிருந்து பூட்டப்படும். டாக்டர் பெற்ற பிள்ளைகளை அவளை நம்பி விடலாம், அவளை மட்டும் கேட்டுக்கு வெளியே விடக்கூடாது.

ஒருமுறை அவளிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். மாவு பிசைந்த கையோடு சொன்னாள்: "ஒரு ரூம் போதும், யூனா. தாழ்ப்பா என் பக்கம் இருக்கணும்."

வெளியே விடச் சொல்லி அவள் தாத்தாவைக் கேட்டபோது, கொஞ்சம் அமைதியாகட்டும் என்றாராம். தாத்தாவுக்குப் பிறகு பெரிய டாக்டரான அப்பாவைக் கேட்டால், சொந்தக்காரர் யாராவது வந்து அழைத்துப் போனால் விடலாம் என்பார். அண்ணன்காரன் வரமாட்டான் என்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். பெரிய டாக்டர் வாயைத் திறந்து 'இவளுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது' என்று சொன்னாலும் போதும். அதை மட்டும் சொல்லமாட்டார். சொன்னால் சோடா ரொட்டி யார் சுடுவது?

லோர்கன் சின்னப் பையனாக இருந்தபோது அடுப்படி மேசைமேல் உட்கார்ந்து, "நான் டாக்டரானதும் உன்னை விட்டுடுவேன், டீலியா" என்பான். அவள் அதை நம்பினாள். அவன் படிக்கப் போன நாளிலிருந்து அதற்காகவே ஜெபமாலை சொன்னாள். நானும் நம்பினேன். நான் கால்வேயில் மருந்துக்கடை வைத்ததும் மாடியில் ஓர் அறையை அவளுக்கென்று ஒழித்து வைத்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் அப்பா ஓய்வு பெற்றார். அந்த நாற்காலியில் லோர்கன் உட்கார்ந்தான். மறுவாரமே பஸ் பிடித்துப் போய் நின்றேன்.

"இப்பவா?" என்றான். "மோனிகா முழுகாம இருக்காக்கா. குழந்தை நடக்கற வரைக்கும் டீலியா இருக்கட்டும்."

"அவளுக்கு என்னடா நோய்?"

"அதில்லக்கா. அவ இங்க சந்தோஷமாத்தான் இருக்கா."

"அவகிட்ட கேட்டியா?"

அவன் கேட்கவில்லை. அது மட்டுமா, இனிமேல் என்னை டாக்டர் என்று கூப்பிடு என்று அவளிடம் சொல்லியிருந்தான். இடுப்பில் வைத்துத் திரிந்தவளிடம்! அப்படியே அறையலாம் போலிருந்தது.

இலையுதிர் காலத்தில் குழந்தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் ஞானஸ்நானம். ஞானத்தாயாக என்னைத்தான் பேசி வைத்திருந்தார்கள். தாய் படுக்கையில் இருப்பாள், கோயிலுக்கு வரமாட்டாள், அது எங்கள் வழக்கம். அதனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டீலியா என் காரில் ஏறினாள். கேட் திறந்தது. டாக்டர் வீட்டுக் குழந்தை கையில் இருந்தால் அவளுக்கும் திறக்கும்.

வழியில் நான் செய்யப்போவதைச் சொன்னேன்.

"அவன் இல்லைன்னுட்டான்னா?" என்றாள். "ஊரு முன்னாடி சொல்லிட்டா அப்புறம் என் கதை அவ்வளவுதான், யூனா."

"வேண்டாம்னா விட்டுடறேன்."

குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். "கேளு. அவன் வாயால சொல்லட்டும்."

புது டாக்டரின் பிள்ளையைப் பார்க்க ஊரில் பாதி கோயிலிலேயே தங்கியிருந்தது. முதல் வரிசையில் அப்பாவும் மோனிகாவின் பெற்றோரும். ஞானஸ்நானத் தொட்டியருகே ஃபாதர் குவின்லன், "ஞானத்தாய் குழந்தையை வாங்கிக்கம்மா" என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"நான் இல்ல ஃபாதர். டீலியாதான் ஞானத்தாய்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "யூனா, புத்தி சரியா இருக்கறவங்கதான் இதுல நிக்கலாம். உனக்குத் தெரியாததா?"

"தெரியும் ஃபாதர். அதைச் சொல்ல வேண்டிய டாக்டர் இதோ நிக்கிறார். கேளுங்க."

முன்வரிசையிலிருந்து அப்பா எழுந்தார். "யூனா, இதுக்கு இதுவா இடம்?"

"இத்தனை வருஷமா எது இடமா இருந்துச்சு? சொல்லுங்கப்பா."

அவர் உட்கார்ந்துவிட்டார். ஃபாதர் லோர்கனைப் பார்த்தார். "டாக்டர், இந்தப் பொண்ணுக்குப் புத்தி தெளிவா இருக்கா?"

லோர்கனின் கழுத்து சிவந்தது. "இந்தக் காரியத்துக்கு... போதுமான அளவுக்கு இருக்கு, ஃபாதர்."

"காரியத்துக்குக் காரியம் புத்தி மாறாது டாக்டர். இருக்கா, இல்லையா?"

பின்னாலிருந்து இறைச்சிக் கடை பேக்கி குரல் கொடுத்தான்: "இல்லைன்னா பச்சைப் புள்ளைய எதுக்குய்யா அவ கையில குடுத்தீங்க?"

யாரோ சிரித்தார்கள். டீலியா சிரிக்கவில்லை. குழந்தையை அணைத்துக்கொண்டு, தான் வளர்த்த பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் அவள் பக்கம் திரும்பவேயில்லை.

"இருக்கு" என்றான்.

"சத்தமா சொல்லுடா" என்றேன்.

"அவளுக்குப் புத்தி தெளிவா இருக்கு!"

அவ்வளவுதான், ஒரு மூச்சில் முடிகிற வாக்கியம். இதைச் சொல்ல எங்கள் குடும்பத்தில் மூன்று டாக்டர்கள் தேவைப்பட்டார்கள், அதுவும் ஒரு பாதிரியார் கேட்ட பிறகு. இதற்குத்தான் வரலாறு எழுத வந்திருக்கிறான் பிள்ளை!

டீலியா ஞானத்தாயாக நிற்க, ஞானஸ்நானம் முடிந்தது. வெளியே வந்ததும் லோர்கன் ஒன்றும் நடக்காததுபோல், "சரி, வா டீலியா, விருந்துக்கு ஆளுங்க வந்துடுவாங்க" என்றான். அவள் அவனருகே போய்க் குழந்தையை அவன் கையில் வைத்தாள். பிடிக்கத் தெரியாமல் தடுமாறினான்.

"தலையைத் தாங்கிப் புடி, லோர்கன்" என்றாள். பிறகு என் காரில் முன் இருக்கையில் ஏறி, கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள்.

லோர்கன் ஆள் அனுப்பித் திரும்பக் கூட்டிப்போகவில்லை. எப்படி அனுப்புவான்? ஊரே அவன் வாயால் கேட்டிருக்கிறதே. கால்வேயில் அந்த அறைக்குள் போனவள் முதலில் தாழ்ப்பாளைத்தான் பார்த்தாள். போட்டாள், எடுத்தாள், திரும்பப் போட்டுப் பார்த்தாள். "நீ கொஞ்சம் வெளிய இரு" என்று என்னை அனுப்பிவிட்டுச் சாத்திக்கொண்டாள். அவளுக்கென்று கொண்டுபோன தேநீரை நானே படியில் உட்கார்ந்து குடித்தேன்.

டெக்லன் ஆறிப்போன தேநீரை ஓரமாகத் தள்ளினான். பிறகு, "அப்பா அவங்களை அப்புறம் பார்க்கவே இல்லையா?" என்றான்.

வந்தான், ஒரே ஒரு தடவை. மோனிகா இரண்டாவது முறை உண்டாகியிருந்தபோது. ஒரு ஆறு மாசத்துக்கு மட்டும் வந்து இருந்துட்டுப் போகட்டும், சம்பளம்கூடத் தரேன் என்று என்னிடம் சொன்னான். கூடத் தருகிறானாம்! நீயே மேலே போய்க் கேள் என்றேன். போய்த் தட்டினான்.

"டீலியா, நான்தான். லோர்கன். கதவைத் திற."

நான் படிக்கட்டின் கீழே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவள் கதவருகே வந்து நின்றாள்.

"தாழ்ப்பா என் பக்கம் இருக்கு, லோர்கன்" என்றாள். திறக்கவில்லை.