பொத்தான் வைத்த உருளைக்கிழங்கு

தையல்காரருக்குக் கை சுத்தம், வாய்தான் நீளம். மூன்று வருடத்துக்கு முன்னால் தங்கை வீட்டு விருந்தில் அடிபிடித்த குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "இது குழம்பா, இஸ்திரிப் பெட்டிக்குப் போடுற கரியா?" என்று கேட்டுத் தொலைத்தார். வந்திருந்தவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை. அன்றோடு அண்ணன் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டாள்.

எத்தனையோ தூது போயும் அசையாதவள், நேற்று அவளாகவே போன் செய்தாள். "நாளைக்கு மத்தியானம் சாப்பிட வர்றேன். ஆனா அண்ணி சமைக்கக் கூடாது, நீதான் சமைக்கணும்."

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியைக் கடையில் உட்காரவைத்துவிட்டு அடுப்படியில் நுழைந்தார். இஞ்ச் டேப்பைக் கழுவிச் சோற்றுப் பானைக்குள் விட்டுத் தண்ணீர் அளந்தார். சோறு தப்பித்தது. குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, வருகிறவளுக்கு ஜன்னல் திரை அழகாக இருக்கட்டுமே என்று அதன் ஓரத்தை மடித்துத் தைக்க உட்கார்ந்தாரே, அங்கேதான் வந்தது வினை. கருகல் வாடை மூக்கில் ஏறியபோது பாதித் திரை முடிந்திருந்தது.

மனைவியைக் கேட்டால் அவள் சமைத்த மாதிரி ஆகிவிடும். அவளை விட்டால் இந்த மாதிரிச் சமயத்தில் கேட்க அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் தங்கைதான். வெட்கத்தை மறைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"பாப்பா, பக்கத்து வீட்டுக்காரர் கேக்குறாரு. குழம்பு அடிபிடிச்சிடுச்சாம்."

பஸ் இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் நிதானமாக வந்தது. "கிண்டிட்டாரா?"

"இன்னும் இல்ல."

"கிண்டவே வேணாம்னு சொல்லு. மேலாப்ல இருக்கிறத மட்டும் வேற பாத்திரத்துல ஊத்தச் சொல்லு. அடியச் சுரண்டினா எல்லாத்துலயும் வாடை ஏறிடும்."

ஊற்றினார். ருசி பார்த்தார். முகம் கோணிப் போயிற்று. உப்புப் போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இரண்டு தடவை போட்டிருக்கிறார். மறுபடியும் போன்.

"பாப்பா, அவருக்கு உப்பும் கூடிப்போச்சாம்."

"பாவம், அவருக்கு இன்னைக்கு நேரம் சரியில்ல. கொஞ்சம் வெந்நீர் விட்டு, தோல் சீவின உருளைக்கிழங்கு ஒண்ணு போட்டுக் கொதிக்க விடச் சொல்லு. கரையறதுக்குள்ள எடுத்துடணும். இல்லன்னா விருந்தாளிக்குத் தெரிஞ்சிடும்."

கரைவதற்குள் என்றால் எப்போது? அதை அளக்க இஞ்ச் டேப்பில் வழியில்லை. கரைந்தாலும் வெளியே வராதபடி மெல்லிய வெள்ளைத் துணியில் ஒரு குட்டிப் பை தைத்தார். கிழங்கை உள்ளே வைத்தார். வாய் திறந்துகொண்டால்? துளை போட்டுக் காஜா எடுத்துப் பொத்தானும் வைத்து மூடினார். நாற்பது வருடத் தொழில் சும்மா விடுமா?

குழம்பு ஒருவழியாகத் தேறியது. அப்பாடா என்று உட்காரும்போது அழைப்பு மணி அடித்தது. தங்கையைப் பார்த்த சந்தோஷத்தில் பையை எடுக்க மறந்துவிட்டார்.

அவரே பரிமாறினார். இரண்டாவது கரண்டியில் பொத்தானோடு வந்து சோற்றின்மேல் விழுந்தது பை.

தங்கை அதை விரல் நுனியால் திருப்பிப் பார்த்தாள். "பக்கத்து வீட்டுக்காரர் காஜா நல்லா எடுக்குறாரே."

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான்தான் பாப்பா. அன்னைக்கு அத்தனை பேர் முன்னால அப்படிச் சொன்னதும் நான்தான். சொல்லியிருக்கக் கூடாது."

"இந்த வைத்தியமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு நீ கேக்கவே இல்லையே" என்றாள் அவள். "அதுக்கப்புறம் யார் சாப்பிட வந்தாலும் பயந்து பயந்து நாலு தடவ ருசி பார்ப்பேன். இன்னமும் அப்படித்தான். அந்தப் பயத்துல கத்துக்கிட்டதுதான் எல்லாம்."

அவள் பொத்தானைக் கழற்றிக் கிழங்கை வெளியே எடுத்தாள். பாதியை அண்ணன் தட்டில் வைத்தாள்.

"சாப்பிட்டுட்டு சொல்லு."

ஒரே உப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, யோசித்துவிட்டு வாயைத் திறந்தார். "நல்லா இருக்கு."

தங்கை மீதிப் பாதியை வாயில் போட்டு மென்றாள்.

"பொய்" என்றாள். "இன்னும் கொஞ்சம் சோறு போடு."