மெய்ரியனின் சைலன்சர்

காவலர் கார் ஜன்னலருகே குனிந்து ஏதோ சொன்னார். எஞ்சினை அணைத்த பிறகுதான் அவர் குரலே காதில் விழுந்தது.

"வண்டி உங்களோடதாம்மா?"

"என் வீட்டுக்காரரோடது. போன வருஷம் போயிட்டார்."

அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார். பிறகு பின்னால் போய், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வாய் திறந்திருந்த அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு வந்தார். "சைலன்சரை மாத்தியிருக்கறது இன்சூரன்ஸ்காரங்களுக்குத் தெரியுமா?"

நான் ஸ்டீயரிங்கையே பார்த்தேன்.

"சரி, நான் அதைக் கேக்கல. சத்தத்துக்கு மட்டும் எழுதறேன். ரெண்டு வாரத்துல பழையதை மாட்டிக் காட்டிடுங்க. லைசன்ஸ் எப்ப வாங்கினீங்க?"

"இந்த மார்ச்ல."

"அப்போ கவனம்மா. முதல் ரெண்டு வருஷத்துல ஆறு அபராதப் புள்ளி விழுந்தா லைசன்ஸ் போயிடும். இன்சூரன்ஸ் செல்லாதுன்னு ஆச்சுன்னா ஆறும் ஒரே அடியில விழும். அடுத்து நிறுத்தறவர் கேக்காம விடமாட்டார்."

நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றிவிட்டு, சாப்பிட வைப்பது என் வேலை. எங்கள் பள்ளத்தாக்கில் பஸ்ஸை நிறுத்தியதிலிருந்து என் கணவர் மெய்ரியன்தான் என்னை வீடு வீடாக இறக்கிவிடுவார். அவர் போனபின் ஐம்பத்தாறு வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். லைசன்ஸ் இல்லையென்றால் இந்த வேலை இல்லை.

வண்டிக்கு வருடாந்தரப் பரிசோதனை ஏப்ரலில் வரும். அதற்கு முன் மெய்ரியனும் அவர் நண்பர் எம்லினும் கொட்டகையில் கட்டம் போட்ட கம்பளியில் சுற்றி வைத்திருக்கும், வண்டியோடு வந்த கம்பெனிக் குழாயை எடுத்து மாட்டுவார்கள். பரிசோதனை முடிந்ததும் அது மறுபடி கம்பளிக்குள் போய்விடும். மற்ற நாட்களில் தேவாலயத்து வளைவில் வண்டி உறுமும்போதே நான் டீக்குக் கெட்டிலைப் போட்டுவிடுவேன். அந்த ஏப்ரல் வாரத்தில் மட்டும் ஒன்றும் கேட்காது. மெய்ரியன் தன் வீட்டுக் கதவையே தட்டி, "உள்ள யாராச்சும் உயிரோட இருக்கீங்களா?" என்பார்.

சனிக்கிழமை எம்லின் வந்து ஈரப் புல்லில் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார்.

"போலீஸ்ல காட்டிட்டு வந்து சொல்லு நெரிஸ். திருப்பி மாட்டிடறேன். வருஷா வருஷம் பண்ணதுதானே."

"வேணாம் எம்லின்."

"வேணாமா? அவன் இருந்தா என் காதைத் திருகியிருப்பான்."

"அவருக்கு முப்பது வருஷ லைசன்ஸ். எனக்கு இன்னும் ஒரு வருஷம்கூட ஆகல."

"இன்சூரன்ஸ்காரன்கிட்ட சொல்லிட்டே ஓட்டேன்."

"கேட்டேன். புது டிரைவரை இந்தக் குழாயோட சேத்துக்க மாட்டாங்களாம்."

துருப்பிடித்த போல்ட்டைச் சுத்தியலால் தட்டும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. கழற்றிய குழாயைப் புல்லில் வைத்தார். உள்ளே கையை விட்டேன். விரல்களில் கரி ஒட்டியது. கம்பெனிக் குழாயிலிருந்து உருவிய கம்பளி பக்கத்திலேயே கிடந்தது. மெய்ரியனின் குழாயை அதில் சுற்றித் தூக்கினேன்.

"பச்சப்புள்ளையத் தூக்கற மாதிரி தூக்கறியே," என்றார் எம்லின்.

"கனமா இருக்கு."

திங்கட்கிழமை காலை என் முதல் வீடு மலை உச்சியிலிருக்கும் ப்ரைஸ் கிழவருடையது. சாவியை யாரிடமும் தரமாட்டார். தன் வீட்டுக் கதவைத் தானே திறக்க வேண்டும் அவருக்கு. வளைவில் வண்டிச் சத்தம் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து, நடைச்சட்டத்தைப் பிடித்தபடி நடக்கத் தொடங்குவார். நான் மேலே வந்து சேரும்போது கதவு திறந்திருக்கும். ஏதோ தற்செயலாக அங்கே நிற்பவர்போல நிற்பார்.

அன்று வண்டி என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் மலையேறியது. கதவு சாத்தியிருந்தது. மழையில் நின்று தட்டினேன்.

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது.

"யாரு?"

"நான்தான்."

"எந்த நான்?"

"நெரிஸ்."

"பொய் சொல்லாத. நெரிஸ் வந்தா மலையே சொல்லும்."

பின்னால், சூடான பானெட்டில் விழுந்த மழை ஆவியாகிக்கொண்டிருந்தது. உள்ளே நடைச்சட்டத்தின் கால்கள் தரையில் ஊன்றும் சத்தம் ஒருமுறை கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. ஈரக் கதவில் உள்ளங்கையை வைத்தபடி, அது என்னை நோக்கி வருவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.